மும்பை ஃபோர்ட்: மதில் இல்லாத கோட்டைக்குள் ஒரு சுற்று

புதன்

மும்பைக்கு இதற்கு முன் வந்ததெல்லாம் கல்யாணம், காதுகுத்து என்றுதான். மாட்டுங்காவில் இறங்கி, மாட்டுங்காவிலேயே சாப்பிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுவேன். இந்த முறை நகரத்தின் பழைய நடுப்பகுதியான ஃபோர்ட்டை மட்டும் நிதானமாகப் பார்ப்பது என்று முடிவு. துணைக்குச் சித்தப்பா வந்தார். ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடங்களுக்கு நடுவே நடந்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர்.

அலுவலக நெரிசல் அடங்கியபின் ஸ்லோ லோக்கல் பிடித்தோம். பைகுலா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித், அப்புறம் கடைசி நிறுத்தம். பலகையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று இருக்கிறது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் பழைய பெயரான விக்டோரியா டெர்மினஸைச் சுருக்கி வி.டி. என்றே சொன்னார்கள்.

பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் இது இன்னொரு பெரிய ரயில் நிலையம், அவ்வளவுதான். வெளியே வந்து, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, எதிர்ப்பக்கம் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். 1878-இல் வேலை தொடங்கி, கட்டி முடிக்க ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வடிவமைத்தவர் ஃப்ரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். ஐரோப்பாவின் கோதிக் கூர்வளைவுகளும் நம் ஊர் அரண்மனைகளின் சிறு குவிமாடங்களும் ஒரே சுவரில் சண்டையில்லாமல் இருக்கின்றன. உச்சியில் பெரிய குவிமாடம். அதன்மேல் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் சக்கரமுமாக நிற்கும் பெண் முன்னேற்றத்தின் உருவம். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. கடிகாரத்துக்குக் கீழே ஒரு மாடம் காலியாக இருக்கிறது. விக்டோரியா ராணியின் சிலை இருந்த இடம் அது.

இதெல்லாம் தூரத்துப் பார்வை. சித்தப்பா என் தோளைத் தட்டி, "கோபுரத்தையே பார்த்துட்டு நிக்காதம்மா, கிட்ட வந்து சுவரைப் பாரு" என்றார். சரி என்று கம்பி வேலியை ஒட்டிப் போய் நின்றேன். தூண் தலைப்புகளில் கல்லே இலையாக மடிந்திருக்கிறது. இலைகளுக்கு நடுவே குரங்கு. ஒரு வளைவின் நெற்றியில் தோகை விரித்த மயில். தோகையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகக் குடைந்திருக்கிறார்கள். மழைநீர் கொட்டும் இடங்களில் வாய் பிளந்த விலங்குத் தலைகள். வேறொரு வரிசையில் விதவிதமான தலைப்பாகைகளோடு மனித முகங்கள். அன்றைய பம்பாயின் பல சமூகத்தினரும் சுவரில் இடம்பிடித்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பங்கு பக்கத்திலேயே இருக்கும் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை. வரைபடம் ஆங்கிலேயருடையது, உளி பிடித்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். யாரும் அண்ணாந்து பார்க்காத உயரத்தில்கூட அரைகுறையாக விட்ட ஒரு இலை என் கண்ணில் படவில்லை.

பிற்பகலில் டிக்கெட் எடுத்து நிர்வாகப் பகுதிக்குள் போனோம். குவிமாடத்தின் அடியில் சுவரை மட்டுமே பிடித்துக்கொண்டு சுற்றி ஏறும் படிக்கட்டு. தாங்குவதற்கு நடுவில் தூண் எதுவும் கிடையாது. மேலே வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சத்தில் படியின் ஓரம் நீலமாகவும் பச்சையாகவும் மாறுகிறது. அதே படியில் கோப்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓர் ஊழியர் இறங்கி வந்தார். அலுவலகம் அது, மத்திய ரயில்வேயின் தலைமையகம். 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கட்டடமும் அதுவேதான். கீழே லட்சக்கணக்கில் ஜனம் ஏறி இறங்குகிறது, மேலே கோப்பு நகர்கிறது. எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது இதுதான்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இந்தப் பக்கத்தில் இருந்த போரி பந்தர் நிலையத்திலிருந்துதான் தாணேவுக்குப் புறப்பட்டது. 34 கிலோமீட்டர். 2008 நவம்பர் 26 இரவு இதே நிலையத்தில் 50-க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவுப் பலகை முன் சித்தப்பா கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.

எதிரே மாநகராட்சிக் கட்டடம். 1893-இல் முடிந்தது, அதுவும் ஸ்டீவன்ஸின் வேலைதான். வாசலில் ஃபிரோஸ்ஷா மேத்தாவின் சிலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறபோது எதை முதலில் படமெடுப்பது என்று கழுத்து அங்குமிங்கும் திரும்புகிறது. மாலை வெயில் மஞ்சள் கல்லில் பட்ட நேரத்தில் ரயில் நிலையம்தான் வென்றது.

வியாழன்

இன்று வி.டி.யிலிருந்து தாதாபாய் நௌரோஜி சாலை வழியாகத் தெற்கே நடை. இந்தச் சாலையில் வெயிலில் நடக்கவே வேண்டாம். இரு பக்கமும் கட்டடங்களின் தரைத்தளத்தில் வளைவுகள் போட்ட நடைபாதை தொடர்ச்சியாகப் போகிறது. ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொருவர் கட்டியது, முகப்பும் வேறு வேறு. ஆனால் நடப்பவர் தலைமேல் நிழல் அறுபடுவதில்லை. வளைவுகளுக்குக் கீழே பெல்ட், கைபேசி உறை, பழைய நாணயம், சாவிக்கொத்து என்று கடைகள். நடக்க இடம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் கடையில்லாத அந்த வளைவுகளைக் கற்பனை செய்து பார்த்தேன், பிடிக்கவில்லை.

ஃபோர்ட் என்று பெயர் இருக்கிறதே, கோட்டை எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். இருந்தது. அப்போலோ கேட், சர்ச் கேட், பஜார் கேட் என்று வாசல்களோடு சுற்றிலும் மதில் இருந்தது. 1860-களில் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் அதை இடிக்கச் சொன்னார். உள்ளே நெரிசல் தாங்கவில்லை. அதே நேரம் ஊரில் பணமும் கொட்டியது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பருத்தி வரவில்லை. பம்பாய்ப் பருத்திக்குக் கேட்ட விலை கிடைத்தது. மதில் இருந்த இடத்தில் அகலமான சாலைகளும், அதை ஒட்டி நாம் இன்று பார்க்கும் மாளிகைகளும் எழுந்தன. 1865-இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்து பலர் திவாலானார்கள், ஆனால் நகரம் அதற்குள் உருமாறத் தொடங்கிவிட்டது. பழைய மதிலில் ஒரு துண்டு மட்டும் வி.டி.க்குப் பின்னால் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைப் பக்கம் மிச்சம் இருக்கிறது.

சர்ச் கேட் வாசல் நின்ற இடத்தில்தான் ஃப்ளோரா நீரூற்று. 1864-இல் வைத்தது. ரோமானியர்களின் மலர் தேவதை உச்சியில் நிற்கிறாள். பல காலம் வறண்டு கிடந்து, பழுதுபார்த்தபின் 2019-இல் மறுபடி தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே தீப்பந்தம் ஏந்திய இருவரின் சிலை: ஹுதாத்மா சௌக், தியாகிகள் சதுக்கம். மராத்தி பேசும் மக்களுக்குப் பம்பாயோடு சேர்ந்த தனி மாநிலம் வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் 100-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் கொடுத்தார்கள். 1960 மே 1-இல் மகாராஷ்டிரம் பிறந்தது. மொழிக்காக மாநிலம் கேட்டவர்களின் நினைவிடம் என்பதால் இங்கே நம் ஊர்க்காரர்கள் சும்மா கடந்து போக முடியாது. படமெடுக்கும் கூட்டமோ நீரூற்றுப் பக்கம்தான். நீங்கள் போனால் இந்தச் சிலையிடமும் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

காலா கோடா போய்ச் சேர்ந்தபோது பசி. வடா பாவ் சாப்பிட்டுவிட்டு நடந்தோம். காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. ஏழாம் எட்வர்ட், இளவரசராக இருந்த காலத்தில் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் செய்த சிலை இங்கே இருந்தது. 1965-இல் அதை எடுத்து பைகுலா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2017-இல் புதிதாக ஒரு கறுப்புக் குதிரையை வைத்தார்கள். இதில் சவாரி செய்ய யாரும் இல்லை. அருமையான முடிவு என்று எனக்குத் தோன்றியது. மக்கள் பெயர் வைத்தது குதிரைக்குத்தானே, அந்தக் குதிரையையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சந்துக்குள் திரும்பினால் நீலமும் வெள்ளையுமாக கெனெசெத் எலியாஹு யூதத் தொழுகைக்கூடம். பாக்தாத்திலிருந்து வந்து பம்பாயில் பெரும் வணிகர்களான சசூன் குடும்பம் 1884-இல் கட்டியது. அடையாள அட்டை காட்டி உள்ளே போனோம். மாடியிலிருந்து பார்த்தபோது வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் வெளிச்சம் கீழே மர இருக்கைகளில் சிதறிக் கிடந்தது. இன்றும் தொழுகை நடக்கும் இடம். காவலர் மெதுவாகப் பேசினார், நாங்களும் குரலைத் தணித்துக்கொண்டோம்.

அதே குடும்பத்தின் பெயரில் டேவிட் சசூன் நூலகம், 1870-ஆம் ஆண்டுக் கட்டடம். மலாட் பகுதியிலிருந்து வந்த மஞ்சள் கல். சாலையைப் பார்த்த மாடியில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. பெரியவர் ஒருவர் செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். கீழே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, அவர் அசையவே இல்லை.

அதே வரிசையில் சற்றுத் தள்ளிப் பார்த்தால் மனம் கனத்துப் போகிறது. எஸ்பிளனேடு மேன்ஷன், பழைய வாட்சன் ஹோட்டல். 1860-களில் இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் கப்பலில் கொண்டுவந்து இங்கே பொருத்திய கட்டடம். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்களைத் திரையிட்டது இங்கேதான். இந்தியாவில் சினிமா முதன்முதலாக ஓடிய இடம். அதே ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் வந்து தங்கியதும் இங்கேதான். பிறகு அறை அறையாகப் பிரித்து வாடகைக்குப் போய், பராமரிப்பு இல்லாமல் சிதைந்து, 2005-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து, 2019-இல் ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். நேற்றிலிருந்து பார்த்த ரயில் நிலையமும் நூலகமும் தொழுகைக்கூடமும் நன்றாக இருப்பதற்குக் காரணம் அவற்றுக்குத் தினமும் ஒரு வேலை இருப்பதும், அந்த வேலைக்குப் பொறுப்பான ஆட்கள் இருப்பதும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் புழங்கினால் மட்டும் போதாது, அது தம்முடையது என்ற எண்ணமும் வேண்டும் என்பதை இந்த இரும்புக் கட்டடம் சொல்கிறது. சினிமாவைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருக்கும் நாட்டில், அது முதலில் ஒளிர்ந்த கூரையைக் காப்பாற்ற இன்னும் வழி பிறக்க வேண்டும்.

வெள்ளி

இன்று குறைவான நடை. ஹார்னிமன் வட்டம், அதைச் சுற்றி மூன்று நான்கு இடங்கள்.

செயின்ட் தாமஸ் பேராலயத்தில் தொடங்கினோம். 1676-இல் அடிக்கல் நாட்டி, நின்றுபோய், 1718-இல்தான் திறந்திருக்கிறார்கள். சர்ச் கேட் என்ற பெயரில் உள்ள சர்ச் இதுதான். உள்ளே சுவரெங்கும் பளிங்கு நினைவுக்கற்கள். படித்துக்கொண்டே போனால் கடலில் போனவர்கள், காய்ச்சலில் போனவர்கள், இருபது வயதைத் தாண்டாதவர்கள். ஆட்சி செய்ய வந்த கூட்டம்தான். ஆனாலும் தாய் தகப்பன் செதுக்கி வைத்த வரிகளைப் படிக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது.

ஹார்னிமன் வட்டம் என்பது வட்டமான ஒரு பூங்கா. சுற்றி ஒரே வரிசையில் வளைந்து நிற்கும் கட்டடங்கள். முன்பு ஓர் ஆளுநரின் பெயரில் எல்ஃபின்ஸ்டன் வட்டம். பெஞ்சமின் ஹார்னிமன் 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழின் ஆசிரியர், ஆங்கிலேயர். 1919-இல் பஞ்சாப் கொடுமைகளை வெளிப்படுத்தியதற்காக அவருடைய அரசே அவரைக் கப்பலேற்றி நாடு கடத்தியது. ஆளுநர் பெயரை எடுத்துவிட்டுப் பத்திரிகையாளர் பெயரை வைத்த இடம் நம் நாட்டில் எத்தனை இருக்கும்! இந்தப் பக்கம் இருந்த ஆலமரத்தடியில்தான் 1850-களில் பங்குத் தரகர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டம்தான் 1875-இல் சங்கமாகி, பம்பாய் பங்குச் சந்தையாக வளர்ந்தது.

பூங்காவுக்கு எதிரே டவுன் ஹால். வெள்ளைத் தூண்கள், அகலமான 30 படிகள். 1833-இல் முடிந்த கட்டடம்; ஏசியாட்டிக் சொசைட்டியின் நூலகம் இதற்குள்தான். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்கு மிகப் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றை இவர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க முடியாது, பரவாயில்லை. எனக்குப் பிடித்தது வாசிப்பறை. உயரமான கூரை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள், பழைய தாளின் மணம், தலை குனிந்து படிப்பவர்கள். சித்தப்பா வங்கியில் இருந்த நாட்களில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இந்தப் படிகளில் வந்து உட்காருவாராம். "அரைமணி நேரம் காத்து வாங்கினா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்மா" என்றார். இன்று படி நிறையக் கல்லூரிப் பிள்ளைகள். அவருக்கும் எனக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஓர் இரானி கடையில் பன் மஸ்காவும் சாய் என்கிற தேநீரும். பன்னைப் பிளந்து வெண்ணெயைக் கஞ்சத்தனமில்லாமல் தடவித் தருகிறார்கள். சாயில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டும். இன்னொரு பன் சொன்னேன்.

சனி

முழுநாளும் அருங்காட்சியகம். முன்பு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம். 1905-இல் அடிக்கல், 1914-இல் கட்டடம் தயார். ஆனால் முதல் உலகப் போர் வந்துவிட்டதால் ராணுவ மருத்துவமனையாகிவிட்டது. பொதுமக்களுக்குத் திறந்தது 1922-இல். ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்தார். குவிமாடத்துக்கு பிஜாப்பூரில் உள்ள கல்லறை மண்டபமான கோல் கும்பஸ் முன்மாதிரி. நடு மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள்: வாடா எனப்படும் பழைய மராட்டிய மாளிகை ஒன்றிலிருந்து வந்த 18-ஆம் நூற்றாண்டு மரத்தூண்களும் கைப்பிடிகளும்.

எல்லாவற்றையும் எழுத மாட்டேன். அசீரிய மன்னனின் நிம்ரூத் அரண்மனையிலிருந்து வந்த கற்புடைப்புகள் இருக்கின்றன, கர்நாடகத்து ஐஹொளேயின் விதானச் சிற்பங்கள் இருக்கின்றன, டாடா குடும்பம் கொடுத்த சேகரிப்பு மட்டுமே சில அறைகளை நிறைக்கிறது. நான் அதிக நேரம் நின்றது ஒரு சுடுமண் சிலை முன்னால். சிந்து மாகாணத்து மீர்பூர்காஸில் இருந்த பௌத்தத் தூபியின் சுவரிலிருந்து எடுத்தது. சுமார் 1500 ஆண்டுகள் பழையது. பக்தன் ஒருவன் கையில் தாமரையோடு நிற்கிறான். தலைமுடி சுருள் சுருளாகத் தோளில் விழுகிறது. உதட்டோரம் லேசான சிரிப்பு. உடம்பில் அன்று பூசிய வண்ணத்தின் சுவடு இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல் என்றால் காலத்தைத் தாங்கும் என்று தெரியும். இது ஈர மண்ணில் பிடித்து, சுட்டு எடுத்தது. கழுத்துச் சுருளில் விரல் அழுத்திய வளைவு தெரிகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தி நோட்டில் அந்த முகத்தை வரைந்துகொண்டிருந்தாள். மூக்கு நன்றாகவே வந்திருந்தது, அவளிடம் சொன்னேன்.

இந்த ஒரு நாளை அவசரமாக முடிக்காதீர்கள். காலையில் திறந்தவுடன் போய், நடுவில் சாப்பிட்டு, மறுபடி போக வேண்டும்.

ஞாயிறு

ஓவல் மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும் என்று சித்தப்பா அடம்பிடித்தது ஏன் என்று இன்று புரிந்தது. ஒரே மைதானத்தில் எத்தனை கிரிக்கெட் ஆட்டங்கள்! இந்த ஆட்டத்தின் ஃபீல்டர் அந்த ஆட்டத்தின் விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கிறார். யாருடைய பந்து யாரிடம் வருகிறது என்று ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரிகிறது.

மைதானத்தின் கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் கோபுரம் என்று கோதிக் வரிசை. மேற்கே 1930-களில் ஆர்ட் டெக்கோ என்ற நவீன பாணியில் எழுந்த குடியிருப்புகள். நடுவில் நின்று தலையைத் திருப்பினால் அறுபது எழுபது ஆண்டு இடைவெளியில் ஊரின் ரசனை மாறியது கண்ணெதிரே நிற்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

ராஜாபாய் கோபுரத்தின் உயரம் 280 அடி. பருத்திப் பணத்தில் கொழித்த பிரேம்சந்த் ராய்சந்த் நன்கொடை கொடுத்து, தாயின் பெயரை வைக்கச் சொன்னார். கண்பார்வை இல்லாத அந்த அம்மா சமண வழக்கப்படி சூரியன் மறையும் முன் சாப்பிட வேண்டும். மணியோசை கேட்டு நேரம் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காகக் கட்டியது என்று ஊரில் சொல்கிறார்கள். வரைபடம் போட்ட ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1878-இல் முடிந்தது.

மேற்குப் பக்கம் எனக்குப் புதிது. இதற்காக யாரும் மும்பைக்கு வருவதாகக் கேள்விப்பட்டதில்லை, வர வேண்டும். கான்கிரீட் வந்த புதிதில் அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். கட்டடத்தின் மூலைகள் வளைந்து திரும்புகின்றன, பால்கனிகள் கப்பல் தளம் மாதிரி நீள்கின்றன, ஜன்னல்களுக்கு மேல் புருவம் போட்டதுபோல் மெல்லிய வெயில்தடுப்பு. வாசல் கிரில்களில் நீரூற்றும் சூரியக்கதிரும் இரும்பில். பெயர்ப்பலகை எழுத்துகளைக்கூட அந்தந்தக் கட்டடத்துக்கென்றே வரைந்திருக்கிறார்கள். ஒரு வாசலில் பால் பாக்கெட் தொங்கியது, மாடியில் துணி காய்ந்தது, மூன்றாவது மாடிப் பாட்டி மேலிருந்தபடியே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச்கேட் நிலையத்துக்கு எதிரே ஈரோஸ் திரையரங்கு, 1938. சிவப்புக் கல்லும் இளமஞ்சளும். மூடிக் கிடந்துவிட்டு மறுபடி படம் ஓட்டுகிறது. எஸ்பிளனேடு மேன்ஷன் பார்த்த வருத்தத்துக்கு இது கொஞ்சம் மருந்து.

வெயில் தாழ்ந்ததும் கேட்வே ஆஃப் இந்தியா. ஞாயிறு என்பதால் நல்ல கூட்டம், வரிசையில் நின்று சோதனை முடித்துத்தான் உள்ளே. ஐந்தாம் ஜார்ஜ் 1911-இல் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது; ஆனால் அவர் வந்தபோது இங்கே இருந்தது அட்டையில் செய்த மாதிரி மட்டும்தான். விட்டெட் வடிவமைத்த கல் வளைவு திறக்க 1924 ஆகிவிட்டது. 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு இதே வளைவின் வழியாக நடந்துபோய்க் கப்பல் ஏறியது. வரவேற்கக் கட்டிய வாசலுக்கு வழியனுப்பும் வேலையும் வந்து சேர்ந்தது. பின்னால் நின்ற ஒரு குடும்பத்துக்குச் சித்தப்பா இதை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் கேள்வி மேல் கேள்வி கேட்டான், அவரும் சளைக்கவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இங்கிருந்து எலிஃபண்டா குகைகளுக்குப் படகு போகிறது, சுமார் ஒரு மணி நேரம். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம், நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போதும்.

நாளை இரவுதான் எனக்கு ரயில். காலையில் கிராஃபோர்ட் மார்க்கெட் போவதாகத் திட்டம். 1869-ஆம் ஆண்டுச் சந்தை அது. வாசலின் கற்புடைப்புகளைப் பார்க்க வேண்டும். சித்தி அங்கிருந்து வாங்கி வரச் சொல்லி உலர்பழங்களுக்கும் மசாலாவுக்கும் ஒரு நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார்.